மூன்றாம் படிக் கல்

பீலெஃபெல்ட் பழைய நகரில் நான் வேலை பார்த்த வெதுப்பகம் ஒரு படிமுகட்டு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. தெருவைப் பார்த்த சுவர் கூரையை மறைத்தபடி இரண்டு பக்கமும் படிக்கட்டுப்போல ஏறி உச்சியில் சேரும். ஒவ்வொரு படியின் மேலும், மழைநீர் சுவருக்குள் இறங்காதிருக்க ஒரு தட்டைக்கல் பதித்திருந்தார்கள். யூரோ புழக்கத்துக்கு வந்த மறுவருடம் இலையுதிர் காலத்தில் அந்தச் சுவரைத் திருத்தினார்கள். என் அக்காவின் கணவரும் அந்த வேலைக்கு வந்திருந்தார். அத்தான் யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை செய்தவர். கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவார். ஜெர்மன் மொழிதான் அவருக்கு வரவில்லை. அவருடைய விசாவோ அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

ஏறி நின்று வேலை செய்யச் சுவரோரம் கட்டியிருந்த சாரத்தைக் கழற்ற வேண்டிய நாள் காலை, உடம்பெல்லாம் தூசியோடு கடைக்குள் வந்து நின்றார்.

"பிள்ளை, ஒருக்கா வெளியிலை வா. மேலை மூண்டாம் படிக் கல்லு ஆடுது. மைஸ்டருக்குச் சொல்லவேணும்."

அவர்களுடைய வேலைத்தலைவரைத்தான் மைஸ்டர் என்பார். சாரம் ஏற்ற லொறி வந்து காத்திருந்ததால் அந்த மனிதர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார்.

"உள்ளுக்கை சாந்து உக்கிப்போச்சு. குளிருக்குத் தண்ணி உறைஞ்சால் கல்லு கீழை வரும். இண்டைக்குச் சாரம் கழட்ட ஏலாதெண்டு சொல்லு" என்றார் அத்தான்.

மைஸ்டருக்குக் கோபம் வந்து வேலை போனால் அத்தானின் விசாவும் போய்விடுமே என்பதுதான் எனக்கு நினைவில் நின்றது. "நேரமிருந்தால் மேலே ஒருமுறை பார்ப்பீர்களா என்று கேட்கிறார்" என்று ஜெர்மனில் சொன்னேன். நேரமில்லை என்றார் மைஸ்டர்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குறைத்துச் சொன்னதை அறிய அவருக்கு மொழி தேவைப்படவில்லை. ஏணியில் ஏறி, மூன்றாம் படிக் கல்லை இரண்டு கைகளாலும் பிடித்து, பெட்டி மூடியைத் திறப்பதுபோலத் தூக்கிக் காட்டினார். நேர் கீழே, எங்கள் கடை வாசலில், பாண் வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். மைஸ்டர் கல்லைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தானும் ஏறினார்.

சாரம் மேலும் மூன்று வாரம் நின்றது. கற்கள் எல்லாவற்றையும் எடுத்துப் புதுச் சாந்தில் பதித்தார்கள். அத்தானின் வேலை போகவில்லை. அடுத்த வருடம் விசாவும் நீண்டது. மைஸ்டர் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு எந்தச் சாரத்தையும் அத்தானை ஒருமுறை மேலே அனுப்பாமல் கழற்றியதில்லை.

கல்லைத் தூக்கிக் காட்டிய அன்று பின்னேரம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது அத்தான் நடந்ததைச் சொன்னார்.

"அவ்வளவு ஜெர்மன் உங்களுக்கு எங்காலை?" என்று அக்கா சிரித்தாள்.

"எனக்கெங்காலை? இவள்தான் வடிவாய்ச் சொல்லி விளங்கப்படுத்தினவள்."

சொல்லிவிட்டுக் கறிச்சட்டியை என் பக்கம் நகர்த்தினார். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அக்கா இன்றும் அந்தக் கதையை அப்படியேதான் மற்றவர்களுக்குச் சொல்கிறாள். நான் இன்னும் திருத்தவில்லை.