சிவப்பு என்றால் அவசரம்

பல்கலைக்கழக அலுவலகத்தில் அவனுக்குக் 'கட்டம்' என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, திரையில் ஏற்றிவிடுவான். எந்த ஊழியர் வேலை செய்கிறார், யார் தூங்குகிறார் என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்றார் பதிவாளர். எதை வைத்து அளப்பது என்பதை அவனிடமே விட்டுவிட்டார்.

விண்ணப்பம் வந்த நாளிலிருந்து முடிந்த நாள்வரை எண்ணினால் போதும் என்று முடிவுகட்டினான்; சீக்கிரம் முடித்தால் பச்சை, இழுத்தால் சிவப்பு. 'முடிந்தது' என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழ் கொடுத்தாலும் முடிந்தது. 'ஆவணம் போதாது' என்று திருப்பி அனுப்பினாலும் முடிந்தது. ஊழியர்கள் என்ன, விரல் சூப்புகிற பிள்ளைகளா? காலையில் வந்த விண்ணப்பம் மத்தியானமே திரும்பிப் போனது. திரை பச்சைப் பசேலென்று ஆனது.

ஒருவர் மட்டும் சிவப்பு. பழைய சான்றிதழ் பிரிவில் ஒப்பந்த எழுத்தர், கட்டத்தின் அக்காள் கணவர். கரையான் அரித்த பதிவேடுகளைப் புரட்டி, பெயர் கிடைக்கும்வரை மனுஷன் விடமாட்டார்.

"இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுதுடா. அவரைக் கொஞ்சம் பார்த்துக்க," என்றாள் அக்கா.

வழி இருந்தது. திருப்பி அனுப்பியதைத் தனியாகக் காட்ட இன்னொரு கட்டம் போட்டால் போதும். போட்டால் பச்சையெல்லாம் வெளுத்துவிடும், அவனுடைய பதவி உயர்வும் சேர்ந்து.

கூட்டத்தில் பதிவாளர் கேட்டார்: "இந்தச் சிவப்பு யாரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல சார். பழைய ஆளு, வேகம் கம்மி."

நாக்குக் கூசவில்லை படுபாவிக்கு.

கடைசி நாள் மாமா ஒன்பது கோப்புகளை அவன் மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

"சிவப்புன்னா அவசரம்னு நெனச்சுட்டேன் மாப்ள. அதான் இன்னும் நல்லாத் தேடுனேன். எல்லாம் கெடைச்சிருச்சு, கையெழுத்து வாங்குனா போதும். இந்தப் பொண்ணுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துரு. இல்லன்னா கெடைச்ச வேலை போயிடுமாம்."

"சரி மாமா."

அவர் படியிறங்கும்வரை காத்திருந்தான். கையெழுத்துக்கு இரண்டு நாளாகும்; பதிவாளர் நாளைக் காலையிலேயே திரையைப் பார்ப்பார். ஒன்பதுக்கும் 'ஆவணம் போதாது' என்று அடித்தான். பிறகு, யாராவது புரட்டிப் பார்த்துவிடப் போகிறார்களே என்று ரப்பரை எடுத்து, அந்தப் பெண்ணின் கோப்பிலிருந்து தொடங்கி, பென்சில் எழுத்தைப் பொறுமையாக அழித்தான்.