சரோஜாவின் குதிகால்

சரோஜாவின் இடது குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்தபோது, அது கால் ஆணிதான் என்று முடிவுகட்டியவன் அவள் புருஷன் முனியன். இருவரும் ஆரம்பாக்கத்துப் பக்கம் ஏரிக்கரையில் இருப்பவர்கள். மார்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். காலைக் கிளிஞ்சல் கிழிக்காத நாள் குறைவு. அவன் புது பிளேடு வாங்கிவந்து அந்தக் கறுப்பைச் சீவியெடுத்து, மஞ்சள் வைத்துக் கட்டினான். ஆறிற்று. மறுபடி வந்தது. மறுபடி சீவினான். மூன்றாம் முறை அது ரூபாய்க் காசைவிடப் பெரிதாகி, ஓரம் கலைந்து, நீர் கசிந்தது.

பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்தவுடனே சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, தோலில் வரும் புற்றுநோய் என்றார்கள். சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து அந்த இடத்தை வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்து மூட வேண்டும், கவட்டில் வீங்கியிருக்கும் நெறிக்கட்டிகளையும் அகற்ற வேண்டும் என்று அர்ச்சனா டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

ஆபரேஷன் அன்று காலையில் பல் விளக்கப் போன சரோஜா திரும்பவில்லை. முனியன் வார்டு வார்டாகத் தேடிவிட்டு, மனசில் பொறி தட்டி ரயிலடிக்கு ஓடினான். ஊர்ப்பக்கம் போகும் சூலூர்பேட்டை வண்டி நின்ற பிளாட்பாரத்தில், ஆஸ்பத்திரி அங்கியோடு உட்கார்ந்திருந்தாள்.

"குதிகாலு இல்லாம சேத்துல எப்டி ஊணி நிப்பேன்? என்னை வூட்டுக்கு இட்டுகினு போ."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி கிளம்பிப் போயிற்று.

"நான்தான் ரெண்டு தபா அறுத்தேன். அதனாலதான் முத்திகிச்சோன்னு நெஞ்சு அட்ச்சிக்குது. நீ இப்டியே வந்துட்டா நான் எப்டி இருப்பேன், சொல்லு."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சரோஜா, அவன் தோளைப் பிடித்து எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. வெளியே வந்த டாக்டரிடம் முனியன் முதலில் கேட்டது பிளேடைப் பற்றித்தான். பிளேடால் இந்த நோய் வருவதில்லை என்றார் அவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, புள்ளியாக இருக்கும்போதே கூட்டிவந்திருந்தால் சின்ன வெட்டோடு போயிருக்கும் என்றும் சொன்னார். முனியனின் காதில் பின்னால் சொன்னது மட்டுமே நின்றது.

ஒட்டிய தோலில் பாதி கறுத்துப்போய், மறுபடி ஒட்டினார்கள். எடுத்த நெறிகளில் மூன்றில் நோய் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கால் வீங்கிக்கொண்டே போனது. ஆபரேஷன் முடிந்து ஏழாம் மாதம் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. இனி கத்திக்கு வேலையில்லை, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சரோஜா தன் காதாலேயே கேட்டாள்.

மறுநாள் உச்சிவேளையில் கழியை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். தண்ணீரிலிருந்து ஏறிவந்த பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, உள்ளங்காலைக் கழுவிக் காட்டச் சொல்லி, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தாள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி முகம் சுளித்தாள். சரோஜா விடவில்லை. நாலு நாள் அப்படியே போய் உட்கார்ந்தாள். முனியனும் கூடவே போனான்.

நாலாம் நாள், பக்கத்து வீட்டு ஜமுனாவின் பாதத்தில் ஒரு கறுப்பு தெரிந்தது.

"ஆட்டோ இட்டுகினு வா," என்றாள் சரோஜா, முனியனிடம்.

பொன்னேரியில் அதே டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஊசியால் மெல்லக் கிளறினார். உள்ளே ஒடிந்து நின்ற பழைய முள் வெளியே வந்தது. ஒன்றுமில்லை, போகலாம் என்றார்.

ஜமுனா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். சரோஜா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, நோய் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஓவென்று அழுதாள். முனியன் அவள் காலடியில் குந்தி, வீங்கிய அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான்.