சவரியம்மாவுக்கு அளவெடுத்த கதை

1. முதல் நாள்

ராயபுரத்தில் ஒரு பழைய ஐஸ் கிடங்கின் மாடியில்தான் எங்கள் ஸ்டூடியோ. பலகை மாட்டிய முதல் நாளே ஒருவர் தலை சீவி, பவுடர் பூசிக்கொண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்துவிட்டார். உள்ளே எட்டு தையல் மெஷினும் துணி ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக் மெஷினும் துணிப் பொம்மைகளும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கேமரா எங்க கீது?" என்றார். நான் கழுத்தில் கிடந்த டேப்பைக் காட்டி, "இங்க இதாலதான் எடுப்போம்" என்றேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

என் பெயர் பிலோமினா. எக்ஸ்போர்ட் கார்மெண்ட் கம்பெனி ஒன்றில் டெய்லராகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனவள். மொத்தம் இருபத்திரண்டு வருடம். வீட்டில் சும்மா இருந்து பார்த்தேன், ஒரு மாதம்கூட ஓடவில்லை. இங்கே டீச்சராக வந்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் தையல், இரண்டு நாள் கைவினை. எம்பிராய்டரி, துணிப்பை, ஒயர் கூடை எல்லாம் சொல்லித் தருகிறோம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிந்துவிடும்.

வாசலிலேயே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் பாதை. ஒரு ட்ரெய்லர் போனால் மாடி முழுக்க அதிரும். தையல் கோணலாகப் போனால் என் மாணவிகள் ஒருத்திகூடத் தன் கையைக் குறை சொல்ல மாட்டாள். "ட்ரெய்லர் போச்சு டீச்சர்" என்பாள். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லாத நேரத்திலும் இதே பதில் வரும். நானும் எட்டிப் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொல்வேன்.

அந்த நாளில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கம்பெனியில் ஸ்பெக் ஷீட் வரும், அதில் போட்டிருக்கும் அளவுக்குத் தைப்போம், பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றுவோம். எந்த ஊரில் யார் போட்டுக்கொண்டார்கள் என்று தெரியாது. பிடிக்கிறது, தொங்குகிறது என்று யாரும் திரும்பி வந்ததும் இல்லை. அதனால் எனக்குத் தெரியாத தையலே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

2. அளவு ஜாக்கெட்

எங்கள் பக்கம் ஜாக்கெட் தைக்க வரும் பெண் உடம்பைக் காட்ட மாட்டாள். ஒரு பழைய ஜாக்கெட்டைச் சுருட்டிக் கொண்டுவந்து, "இதே அளவுக்கு" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். அதற்குத்தான் அளவு ஜாக்கெட் என்று பெயர். அது எப்போதும் அவள் ஒல்லியாக இருந்த காலத்து ஜாக்கெட்டாகவே இருக்கும். அந்த அளவுக்கே தைத்தால் ஊக்கு மாட்டாது. பெரிதாகத் தைத்தால், "நான் இன்னா அவ்ளோ குண்டா?" என்று சண்டைக்கு வருவாள். உள்ளே மூன்று தையல் போட்டு, வேண்டும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ள மார்ஜின் விடுவது தையல்காரிகள் கண்டுபிடித்த சமாதான வழி.

ஜான்சி என்ற மாணவிக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. முப்பத்துநான்கு வயது. கணவன் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். இவள் ஆறு வருடம் இறால் உரிக்கும் ஷெட்டில் இருந்தவள். ஐஸில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்து, ஊசி பிடித்தால் எரியும். ஆனாலும் வகுப்பிலேயே சுத்தமான தையல் அவளுடையதுதான். வீட்டில் ஒரு மிதி மெஷின் இருந்தது. அது அவள் மாமியார் சவரியம்மாவுடையது.

ஒரு நாள் ஜான்சி முகம் தொங்கிப்போய் வந்தாள். "அத்தை ஒரு கண்டிசன் போட்டுகீது டீச்சர். தேர் திருவிழாவுக்குப் போட்டுக்கிறதுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கணுமாம். ஒரே தபா போட்டுப் பாக்குமாம். பிரிச்சித் தைக்கிற வேலையே கூடாதாம். சரியா இல்லன்னா மெஷின விம்கோ நகர்ல கீற அதோட தங்கச்சி பொண்ணுக்குக் குடுத்துருமாம். நான் திரும்ப ஷெட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

அளவு ஜாக்கெட்டையும் எடுத்து வைத்தாள். ஜான்சியின் கல்யாணத்துக்குச் சவரியம்மா தைத்துக்கொண்டது, எட்டு வருடப் பழசு. அன்றிலிருந்து அவள் ஜாக்கெட் எல்லாம் இதே அளவுதான். மார்பு முப்பத்தாறு இன்ச். சவரியம்மாவை நான் கோயிலில் பார்த்திருக்கிறேன். சத்தியமாக முப்பத்தாறு இல்லை.

"டேப்பு வச்சு எடுத்துடேன்" என்றேன்.

"தொட விடாது டீச்சர். உசிரோட கீறவளுக்கு இன்னாத்துக்குடி டேப்பு, பொட்டிக்குத்தான் அளவெடுப்பாங்கன்னு கத்துது."

சவரியம்மா சவப்பெட்டிக்கு அளவெடுப்பதைச் சொல்கிறாள். இறந்துபோன தன் வீட்டுக்காரருக்கு அப்படி டேப் வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, தன் உடம்பில் டேப் பட விடுவதில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த அம்மாள்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் ஜான்சியின் விரல்களைப் பார்த்தபோது அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது.

3. மரியாதை செய்தோம்

யோசனை மும்தாஜுடையது. வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான் அதிகம். "டேப்புதான வேணாம்? பொன்னாடை போத்துனா வேணாம்னு சொல்லுமா?" என்றாள்.

முதலில் நான் முறைத்தேன். அரை மணி நேரத்தில் நானே பச்சை நூலை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஜரிகை போட்ட சால்வை ஒன்றை வாங்கி, அதன் உள்பக்க ஓரத்தில் ஒரு இன்ச்சுக்கு ஒரு முடிச்சாக அறுபது முடிச்சு போட்டோம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பெனியில் நான் பாஸ் பண்ணிய எந்தப் பீஸும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

பேட்ச் முடியும்போது நடக்கும் கண்காட்சிக்குச் சவரியம்மாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தோம். மருமகளுக்கு மெஷின் கொடுத்து உதவிய தாய்க்கு மரியாதை என்று காரணம் சொன்னோம். அந்த அம்மாள் பட்டுச் சேலையில் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நாலு வார்த்தை புகழ்ந்து பேசினேன். சிரிப்பை அடக்கியதில் குரல் நடுங்கியது. நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

மும்தாஜ் அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பொன்னாடையைத் தோளில் போர்த்தினாள். "சரிஞ்சிகினே கீதும்மா, ஒரு பின் குத்திடறேன்" என்று சொல்லிக்கொண்டே அக்குளுக்கு அடியில் சுற்றி முன்னால் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் சேஃப்டி பின்னைக் குத்திவிட்டாள். எத்தனையாவது முடிச்சில் பின் நிற்கிறதோ அதுதான் மார்பளவு. எங்கள் கணக்கில் ஒரே ஓட்டை, விழா முடிந்ததும் பொன்னாடையைத் திருப்பி வாங்க முடியாது என்பதை யாருமே யோசிக்கவில்லை. சவரியம்மா அதைப் போர்த்தியபடியே தெருவெல்லாம் நடந்து வீட்டுக்குப் போனாள். மூன்று நாள் கழற்றவில்லை.

நாலாம் நாள் மாமியார் குளிக்கப் போன நேரத்தில் ஜான்சி பின் குத்தியிருந்த இடம்வரை முடிச்சை எண்ணிவிட்டு போன் செய்தாள். "நாப்பத்திநாலு டீச்சர்."

என் கண் கணக்குக்கு நாற்பத்திரண்டுதான் இருந்தது. மனசுக்குள் ஏதோ இடித்தது. ஆனாலும் அளவு என்று ஒன்று எழுத்தில் வந்துவிட்டால் அதை மீறாமல் வளர்ந்தவள் நான். "நாப்பத்திநாலுக்கே வெட்டு" என்று சொல்லிவிட்டேன். ஜான்சி அதன்படியே வெட்டி, கை பொருத்தும் ஆர்ம்ஹோலையும் அதற்கேற்பப் பெரிதாக்கித் தைத்தாள்.

4. போட்டுப் பார்த்த நாள்

சவரியம்மா ஸ்டூடியோவுக்கே வந்தாள். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றாள். எட்டு மெஷினும் நின்றுவிட்டன. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் தளர்வு.

"லூசா கீது" என்றாள்.

எங்கள் தொழிலின் ஆதிகாலப் பொய் ஒன்று என் வாயில் தானாக வந்தது. "காட்டன் துணிம்மா. ஒரு தண்ணி போட்டா சுருங்கிடும்."

"எனக்கே பூ சுத்துறியா டீச்சர்? பொன்னாடை போத்துனப்பவே கையில முடிச்சு முடிச்சாத் தட்டுப்பட்டுச்சு. அளவாடி எடுக்குறீங்க, எடுங்கடின்னுதான் மூச்ச இஸ்துப் புடிச்சுகினு நின்னேன்."

மும்தாஜ் மேஜைக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டாள். என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஜான்சியின் மெஷின் போகப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

ஜான்சிதான் பேசினாள். மாமியார் எதிரில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"லூசுதான் அத்தை. ஒத்துக்கிறேன். பிரிக்கவும் மாட்டேன். ஒரே ஒரு தபா கையத் தூக்குங்க. அப்புறம் மெஷின யாருக்கு வேணா குடுங்க."

"இன்னாத்துக்கு?"

"தூக்குங்களேன்."

சவரியம்மா சலித்துக்கொண்டே வலது கையைத் தூக்கினாள். தோள்வரை வந்ததும் பழக்கத்தில் முகம் சுளித்து நிறுத்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம் தூக்கினாள். கை காதைத் தாண்டி நேராக மேலே போனது. அப்படியே நின்று தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்தாள். இன்னொரு கையையும் தூக்கினாள். இரண்டையும் இறக்கி, மறுபடியும் தூக்கினாள்.

"அடிப்பாவிங்களா" என்றாள். "எட்டு வருசமா தோள்ல வலின்னு தைலம் தேச்சுகினு கீறேன். பரண்ல கீற குண்டான எடுக்கப் பக்கத்து வூட்டுக்காரியக் கூப்புட்டுகினு கீறேன். அந்த எழவெடுத்த பழைய அளவு ஜாக்கெட்டாடி புடிச்சிகினு இருந்துது?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளேதான் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு எங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஜான்சி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெஷினைப் பற்றி சவரியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது ஜாக்கெட்டோடேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

5. கற்றுக்கொண்டது

தையல் கற்க வருகிறவர்களுக்கு இப்போது நான் முதலில் சொல்லித்தருவது டேப் பிடிப்பதை அல்ல. வந்த பெண்ணிடம், "வீட்ல நீ இன்னா வேலை செய்வே?" என்று கேள். கொடியில் துணி போடுகிறவளா, மீன் கூடை தூக்குகிறவளா, பேருந்தில் கம்பி பிடித்து நிற்கிறவளா என்று தெரிந்துகொள். அந்த வேலையை உன் எதிரில் ஒருமுறை செய்துகாட்டச் சொல். அதன் பிறகு அளவெடு. இருபத்திரண்டு வருடம் கப்பலேற்றிய சட்டைகளில் எத்தனை பேர் கை தூக்க முடியாமல் நின்றார்களோ, எனக்குத் தெரியாது. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தேர் முடிந்த மறு வாரம் மாடிப்படியில் ஒரே சத்தம். சவரியம்மா தெருப் பெண்கள் ஐந்து பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொருத்தி கக்கத்திலும் ஒரு பழைய ஜாக்கெட். "அத்தக் கீழயே வச்சிட்டு வாங்கடி. உடம்ப மட்டும் இட்டுனு வாங்க" என்று அதட்டி மேலே ஏற்றினாள். என்னைத் தாண்டிப் போய், "இவதான் என் மருமவ. எங்க வூட்டு மெஷின்ல இவதான் தைப்பா" என்று ஜான்சியின் எதிரில் வரிசையாக நிற்க வைத்தாள்.

ஐந்து பேருக்கும் அளவெடுத்து முடித்ததும் ஜான்சி டேப்பைச் சுருட்டினாள். சவரியம்மா நகரவில்லை. கூடையிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"கிறிஸ்மஸுக்கு ஒண்ணு தைக்கணும். போத்தி எண்ணிக்க. இந்தத் தபா மூச்சு புடிக்கமாட்டேன், மெய்யாலுமே."