துணைத் தலைவர் வேலப்பனும் ஜான் ஆடம்ஸும்

வியாசர்பாடி வேலப்பனுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வியாதி. சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. ஃப்ரெடி. அந்தப் பெயரை யாராவது நல்லவிதமாகச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பிட்ட சோறு அவனுக்குச் செரிக்காது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வருகிற பெட்டியின் நம்பரும் சீலும் சரியா என்று பார்க்க வேண்டும். அதில் அவனை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஏழாவது பிளாக் கால்பந்துக் கழகத்தின் துணைத் தலைவர். தலைவர் ஃப்ரெடி, வேறு யார்?

இதில் கொடுமை என்னவென்றால், ஃப்ரெடியைத் தலைவராக்கியதே வேலப்பன்தான். கழகம் ஆரம்பித்த அன்று, யாரைத் தலைவராகப் போடுவது என்று முப்பது பேர் முழித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ரயில்வேயில் சேர்ந்திருந்த ஃப்ரெடியின் பெயரை எழுந்து நின்று சொன்னவன் இவன். பதிலுக்கு அவன் நம் பெயரைச் சொல்வான் என்று ஒரு நப்பாசை. அந்தப் பாவி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், கூட்டம் கை தட்டியது, முடிந்தது கதை. அதற்கப்புறம் இவன் அலையாய் அலைந்து மைதானத்துக்கு விளக்கு வாங்கி வந்தால், ஃப்ரெடி அண்ணன் லைட் போட்டுக்கொடுத்தார் என்றார்கள். யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் படிப்பகத்தில் எல்லோரும் உட்கார வேண்டும். ஒருவர் எழுந்து, உலகத் தலைவர் யாராவது ஒருவருடைய வாழ்க்கையை ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும். கையில் தாள் இருக்கக் கூடாது. பேச்சு முடிந்தால்தான் டீ வரும். ஃப்ரெடி ஒருமுறை ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிப் பேசினான். அன்றைக்கு வெளியே காத்திருந்த டீ ஆறியதுகூட யாருக்கும் தெரியவில்லையாம். ஆறு வருடமாகியும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஜனவரியில் ஃப்ரெடி முட்டிவலி என்று பதவியை விடப்போவதாகச் சொன்னான். பிப்ரவரி கடைசி ஞாயிறு பேச்சு முடிந்ததும் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. அடுத்தது வேலப்பன்தானே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஃப்ரெடியையே இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் பேச்சு. வேலப்பனின் மனைவி தாயம்மா, ஃப்ரெடி காதில் ஒரு வார்த்தை போட்டால் காரியம் ஆகிவிடுமே என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது.

"கூட்டம் தானா என் பேரச் சொல்லணும் தாயம்மா. அவன் குட்த்து நான் வாங்கறதா? அதுக்கு நான் இப்டியே இருந்துட்டுப் போறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். ஃப்ரெடி ஆகா ஓகோவென்று புகழ்ந்த வாஷிங்டனிடம் நாலு ஓட்டை கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். யார்டில் சாப்பாட்டு நேரத்தில், பெட்டி நிழலில் உட்கார்ந்து போனில் படித்தான். தேடியது வாஷிங்டனை. கிடைத்தது அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆள், ஜான் ஆடம்ஸ்.

அப்பா விவசாயி, செருப்பும் தைப்பார். மகன் படித்து வக்கீலானார். பாஸ்டன் தெருவில் ஊர்க்காரர்களைச் சுட்டுக் கொன்ற ஆங்கிலேயச் சிப்பாய்களுக்காக, சொந்த ஊரே திட்டியும், கோர்ட்டில் வாதாடினார். பின்னால் ஆங்கிலேயரை எதிர்க்கும் படைக்குத் தலைவர் வேண்டும் என்றபோது சபையில் எழுந்து வாஷிங்டனுக்காகப் பேசியவரும் அவரே. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததும் வாஷிங்டன் கூச்சத்தோடு அறையை விட்டு நழுவிவிட்டாராம். அந்த இடத்தில் வேலப்பன் சோற்றுப் பிசுக்கோடு போனைக் கீழே வைத்துவிட்டான். அட, இது நம் ஆளாயிற்றே!

அப்புறம் வாஷிங்டன் ஜனாதிபதி, இவர் எட்டு வருடம் துணை ஜனாதிபதி. உருப்படியான வேலை ஒன்றும் இல்லாத பதவி என்று மனைவிக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். ஒருவழியாக ஜனாதிபதியானார், நாலே வருடத்தில் தோற்றார். ஜெயித்தவர் பதவியேற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் விடிவதற்குள் வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வாரத்தில் வேலப்பனுக்கு அவ்வளவும் மனப்பாடம். ஆடம்ஸின் நேர்மையை, தைரியத்தை மட்டும் பேசுவது, பொறாமைக் கதையைத் தொடவே கூடாது என்று முடிவு கட்டினான். தன் மனசு தனக்குத் தெரியாதா என்ன!

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். கெடுத்தது பேனர். பேனர் அடிக்கும் ஒவைஸ் கடையில் ஆடம்ஸ் படத்தைக் கொடுத்தவன், பக்கத்தில் யார் படம் போடவேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டான். கழகத்து பேனர் என்றால் ஒவைஸுக்குக் கை பழக்கம். ஞாயிறன்று வந்து பார்த்தால், ஒரு பக்கம் ஆடம்ஸ், அவருக்குச் சரிசமமாகக் கும்பிட்டபடி ஃப்ரெடி. கீழே ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு வேலப்பன்.

எழுந்து நின்றவனுக்கு உடம்பெல்லாம் பற்றியது. அறுபது பேர் எதிரே. ஃப்ரெடி முதல் வரிசையில் காலை நீட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். நேர்மை, தைரியம் என்று மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதோ, தொடக்கூடாது என்று வைத்திருந்ததுதான் முதலில் வந்தது.

"இவுருதான் எழுந்து நின்னு வாஷிங்டனுக்காகப் பேசுனாரு. அப்பாலிக்கா சாவற வரைக்கும் அத்த இவரால தாங்க முடியல. கெட்டவரு இல்ல, திருடல, யாரையும் ஏமாத்தல. ஆனா ஒருத்தன் பக்கத்துலயே நின்னுகினு, எல்லாம் அவனுக்கே போறதப் பாத்துகினே இருந்தா எரியும்பா. நின்னு பாத்தவனுக்குத்தான் அது தெரியும்."

ஒரு மணி நேரம் என்ன, ஒன்றே கால் மணி நேரம் பேசினான். நடுவில் குரல் இரண்டு தடவை உடைந்தது. அமெரிக்காக் கதையை யார் கேட்டார்கள்? எல்லோர் கண்ணும் வேலப்பனிடமிருந்து ஃப்ரெடிக்கும், ஃப்ரெடியிடமிருந்து வேலப்பனுக்கும் போய்ப்போய் வந்தது. பேசி உட்கார்ந்ததும், மானம் போயிற்று என்று வேலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் விட்டிருந்தால் யாராவது ஒருவர் அவன் பெயரைச் சொல்லியும் இருப்பார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கத்தான் பார்த்தார்கள்.

அதற்குள் ஃப்ரெடி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"இருவத்திரெண்டு வருசம் முன்னாடி இவன் என் பேர சொன்னான். எனக்குப் புரியலபா, மன்னிச்சிடு மச்சான். இன்னிக்கு நான் சொல்றேன். தலைவர் வேலப்பன்."

அறுபது கையும் ஒன்றாக உயர்ந்தன. அப்புறம் கைதட்டல், விசில். ஆனால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது யாரை? ஃப்ரெடியை. இன்னா மனசுபா அண்ணனுக்கு என்று ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சினார்கள். புதுத் தலைவருக்கு யாரோ ஒரு டீயைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே போய்விட்டார்கள்.

செய்தி அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது. தாயம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நினைத்தது நடந்துவிட்டதே, இப்போதாவது கொஞ்சம் சிரிக்கக் கூடாதா என்று கேட்டாள். வேலப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தான்.

"கடைசில அத்தயும் அவன்தான் தாயம்மா குட்த்தான்."