அவரைச் சிலாவுக்குக் கொண்டுபோன நாள்

துபாய் ஜெபல் அலியில், தொழிலாளர் கேம்ப்பில் என் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். குளிர்சாதனக் கன்டெய்னர்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். அதிர்ந்து பேசாத மனிதர். ஜூலை மாதத்தில் ஒருநாள் யார்டில் வேலை செய்துகொண்டிருந்தவர் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார், குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார், தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

உடலை ஊருக்கு அனுப்பும் வேலைகளைக் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை அவருடைய லாக்கர் பூட்டியே கிடந்தது. எனக்கு அப்போது இரவு ஷிப்ட். பகலில் அறையிலிருந்த மற்றவர்கள் டூட்டிக்குப் போனதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நான் மட்டும் படுத்திருப்பேன். அவர் இறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். கண்ணயரும் நேரத்தில் அந்த லாக்கருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. யாரோ பிளாஸ்டிக் மூடியை உள்ளேயிருந்து மெல்லத் தள்ளிப் பார்ப்பதுபோல ஒரு சத்தம். நிற்கும். மறுபடி தள்ளும்.

எலி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எலியாக இருந்தால் கொறிக்கும். இது கொறிக்கவில்லை, பொறுமையாகத் தள்ளியது. லாக்கரின் பின்பக்க ஓட்டை வழியே கறுப்பு வயர் ஒன்று எப்போதும் உள்ளே போகும். போன் சார்ஜர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் போன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குப் போய்விட்டது. வயர் மட்டும் பிளக்கில் இருந்தது. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சுட்டது.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு ஓதிக்கொண்டே கிடந்தேன். மற்றவர்களிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவருடைய மனைவி போன் செய்தார். அதற்குமுன் நான் அவரிடம் பேசியதில்லை.

"பாய் அண்ணே, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீக. அவுக லாக்கர்ல ஒரு டப்பா இருக்கும். அதுல ஒரு பாம்பு இருக்கு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"விசம் கிடையாதுண்ணே. அவுக பழைய எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது குடுத்துட்டுப் போனாரு. மொதல்ல நான் ஏசத்தான் செஞ்சேன். பொறவு போன் போட்டாலே அதக் காட்டச் சொல்லி நானே கேப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லல்லா... தண்ணி வைக்க ஆள் இல்லாமக் கிடக்கும்ணே. அடிச்சுராதீக."

கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் முன்னிலையில்தான் பூட்டை அறுத்தோம். மடித்து வைத்த சட்டைகளுக்குக் கீழே, ஓட்டைகள் போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி. மரத்தூளுக்கு நடுவே செம்மண்ணும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் அது சுருண்டிருந்தது. அடியில் சின்ன ஹீட்டிங் மேட். அறைக்காரர் ஒருவர் மாப் கட்டையைத் தூக்கிவிட்டார். நான் குறுக்கே நின்றேன். ஏன் நின்றேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாம்பென்றால் எனக்கும் பயம்தான். அந்தப் பெண்ணின் குரல் காதிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

கேம்ப் பாஸ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "பாய், ஜும்மாவுக்கு முன்னாடி இது இங்க இருக்கக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

யாரிடம் கொடுப்பது என்பதையும் அவர் மனைவிதான் சொன்னார். சவூதி எல்லையை ஒட்டிய சிலாவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. முறையாக அனுமதி வாங்கிப் பாம்புகள் வளர்ப்பவர். இறந்தவர் பாம்பைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பாராம். நான் கூப்பிட்டதும் அந்த அக்கா கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அவர் கடைசியா எப்ப சாப்பிட்டவர்?"

"அன்னிக்கிக் காலையில கேன்டீன்ல சாப்பிட்டாருக்கா. அப்புறம்தான் யார்டுக்குப் போனாரு."

"ஐயோ தம்பி, நான் பாம்பைக் கேட்கிறன்."

யாழ்ப்பாணத்தில் பிராணிகளைக்கூட அப்படி அன்பாக 'அவர்' என்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகும், அந்த அக்கா ஒவ்வொரு முறை அவர் என்று சொல்லும்போதும் என் முதுகு சில்லிட்டது.

"பசியோட இருக்கிறது நல்லதுதான். சாப்பிட்டுட்டுப் பயணம் செய்தா சத்தி எடுப்பார், திண்டதெல்லாம் வெளியில வந்திடும். ஒண்டும் குடுக்காதேங்கோ, தண்ணி மட்டும் வையுங்கோ. காரில வெளிக்கிடேக்க அந்தக் கிண்ணத்தையும் வெளியில எடுத்துவிடுங்கோ. கவிழ்ந்து துணி நனைஞ்சா அவருக்கு மூச்சு முட்டும். தலையணை உறை இருக்கோ? தடிப்பான பருத்தித் துணி, ஒரு கிழிசலும் இருக்கக் கூடாது. அதுக்குள்ள விட்டு வாயை முடிஞ்சு, பெட்டியில வையுங்கோ. ஏசிக் காத்து நேர படக் கூடாது, வெயிலும் படக் கூடாது. முக்கியமா, காருக்குள்ள அவரைத் தனிய விட்டுட்டு இறங்கிப் போயிடாதேங்கோ. இந்த வெயிலில நிப்பாட்டின கார் அடுப்பு மாதிரி."

கிழிசல் இல்லாத உறை எங்கள் அறையில் ஒன்றுதான் இருந்தது. மேல்தட்டில் அவர் தலைவைத்துப் படுத்த உறை. கழற்றும்போது அவர் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. வாயை விரித்துப் பெட்டிக்குள் பிடித்தேன். எப்படி உள்ளே தள்ளுவது என்று நான் திகைத்து நிற்கையில் அதுவாகவே தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்து, பழகிய படுக்கைக்குப் போவதுபோல நழுவி உள்ளே போய்விட்டது. நான் விரல்கூட வைக்கவில்லை.

கார் என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். துபாய் சத்வாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர் கீழக்கரைப் பக்கம். பாம்பு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"வீட்டுக்குள்ள இருந்த பாம்பா? மச்சான், அது எல்லாம் சும்மா பாம்பா இருக்காது. ஜின்னு அந்த உருவத்துல குடியிருக்கும்னு வாப்பா சொல்லிக் கேட்டிருக்கேன்."

"அந்த எஞ்சினியர் கடையில வாங்குன பாம்பு மச்சான்."

"கடையில வாங்குனா ஜின்னு வராதா?"

இருந்தாலும் வெள்ளிக்கிழமை விடிந்ததும் காரோடு வந்து நின்றார். பின் சீட்டில் பெட்டியை வைத்து சீட் பெல்ட்டைச் சுற்றிப் போட்டோம். ஜன்னல்களில் துண்டு கட்டி வெயிலை மறைத்தோம். மச்சான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்கிற சாக்கில் பின்னால் பார்த்து, "யாரா இருந்தாலும் சரி, எங்களுக்கு எந்தத் தொந்தரவும் பண்ணாம வரணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அபுதாபி தாண்டியபின் அந்தச் சாலையில் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பக்கம் உப்புப் பூத்த வெள்ளை நிலம், ஒரு பக்கம் ஒட்டகங்கள் வராமலிருக்கப் போட்ட கம்பிவேலி, முன்னும் பின்னும் சவூதி போகும் டிரக்குகள். மச்சான் பாட்டுப் போடவில்லை. இருவரும் பேசினாலும் தாழ்ந்த குரலில்தான் பேசினோம், யாரோ பின்னால் தூங்குவதுபோல.

தரீஃப் பக்கம் போகும்போது என் போன் அடித்தது. அவர் மனைவி.

"அவுகள ஏத்தியாச்சா அண்ணே?"

காலையிலிருந்து அந்த அக்கா நாலைந்து முறை கூப்பிட்டு, அவரை ஏத்திட்டீங்களோ, அவர் எப்பிடி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதே நினைப்பில் பதில் வந்துவிட்டது எனக்கு.

"ஏத்தியாச்சும்மா. பின் சீட்டுலதான், பெல்ட் எல்லாம் போட்டு வச்சிருக்கோம்."



"நான் பிளேன்ல ஏத்தியாச்சான்னு கேட்டேண்ணே" என்றார்.

அன்று மதியம்தான் துபாயிலிருந்து உடல் புறப்படுகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இப்படிச் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு. அது பாதியிலேயே உடைந்து அழுகையானது. போனைக் காதில் வைத்தபடி நான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். பெல்ட்டுக்குள் பெட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

போனை வைத்துக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். ஏசியிலிருந்து வெந்த காற்று வர ஆரம்பித்தது.

மச்சான் பட்டனை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "இந்த ஏசியக் கடைசியாப் பாத்துக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. போன மாதம் ஏசி பார்க்க நான்தான் அந்த டெக்னீஷியனை மச்சான் கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

அடுத்த பெட்ரோல் பங்க் வருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த பேப்பரால் விசிறிக்கொண்டே இருந்தேன். வண்டி நின்றதும் பெட்டியை அணைத்துக்கொண்டு பக்கத்து கஃபேட்டீரியாவுக்குள் ஓடினேன். மலையாளிச் சேட்டன் டீ ஆற்றிக்கொண்டே, பெட்டியில் என்ன என்று கேட்டார். மச்சான் முந்திக்கொண்டு, "மருந்து, சூடு படக் கூடாது" என்றார்.

மூலை மேஜையில் வைத்து மூடியை லேசாகத் திறந்து துணியைப் பார்த்தேன். அசைவில்லை. வெளியிலிருந்து விரலால் மெல்ல அழுத்தினேன். கயிறுபோலக் கிடந்தது. கூப்பிட்டதும் அக்கா எடுத்தார்.

"அக்கா, அவரு அசையவே மாட்டேங்கிறாரு."

என் வாயிலும் அவர் என்றே வந்தது.

"பதறாதேங்கோ. தட்டாதேங்கோ, குலுக்காதேங்கோ. குளிரான இடத்தில கொஞ்ச நேரம் பேசாம இருங்கோ. அவருக்கும் பயம்தானே தம்பி."

பேசாமல் இருந்தேன். ஒரு மனிதர் தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துபோனது நினைவுக்கு வந்தது. ஊரில் அந்தப் பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு செய்தி சொல்ல வேண்டிவருமோ என்று துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போய் ஏடு படிந்தபின்தான் துணியின் ஒரு மூலை மெதுவாகப் புடைத்தது. அந்தப் புடைப்பு நகர்ந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அதே நேரம் மச்சான் வெளியிலிருந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஓடுது மச்சான். ஏசி ஓடுது."

"என்ன பண்ணினீங்க?"

"அவரு அன்னிக்கே சொன்னாரு. தூரப் பயணத்துல ஏசி நின்னுச்சுன்னா ரிலேங்கிற சின்ன டப்பா போயிருக்கும், ஹாரன் ரிலேயும் அதே சைஸ்தான், அதக் கழட்டி இங்க மாட்டிக்கங்கன்னு. நான் அப்ப காதுலயே வாங்கல. இப்ப பானெட்ட தூக்கிட்டு நிக்கிறேன், அவரு பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருந்துச்சு. எந்த டப்பா, எந்த இடம்னு கை தானாப் போகுது."

அதன்பின் மச்சான் ஜின் பேச்சை எடுக்கவேயில்லை. மீதித் தூரம் முழுக்க ஹாரன் இல்லாமல், டிரக்குகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். வழியில் ஒரு பள்ளிவாசலில் ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கித் தொழுதுவிட்டு வந்தோம். நான் தொழுதுவிட்டுத் திரும்பியபோது மச்சான் பின் சீட்டில் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சிலாவில் அந்த அக்கா வாசலிலேயே காத்திருந்தார். குட்டையான, கண்ணாடி போட்ட அம்மா. பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே உள்ளறைக்குப் போய், முடிச்சை அவிழ்த்து, துணியை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் சாய்த்துப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டதும் தலையை வைத்து வெகுநேரம் குடித்தது. தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"இவ்வளவு தூரம் கொண்டு வந்தனீங்கள். ஒருக்கா கையில வாங்குங்கோ" என்றார் அக்கா.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் என் கையில் வைத்துவிட்டார். அது என் மணிக்கட்டைச் சுற்றி, இறுக்காமல், அப்படியே நின்றது.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் மனைவி கூப்பிட்டார். அடக்கமெல்லாம் முடிந்திருந்தது. அக்கா அனுப்பும் வீடியோக்களைப் பார்ப்பதாகச் சொன்னார், பாம்பு தீனி எடுத்துக்கொண்டதாம். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, நீங்க அதக் கையில பிடிச்சீகளாம்லா. நான் போன்லதான பாத்திருக்கேன். எப்பிடிண்ணே இருந்துச்சு? வழவழன்னா?"

"இல்லம்மா. காஞ்சுபோய் இருந்துச்சு. சில்லுன்னு. ஆனா கெட்டியா இருந்துச்சு, உள்ள ஒரு ஆள் இருக்கிற மாதிரி."



"ஊருக்கு வந்த பெட்டியத் தொறந்ததும் அவுக மூஞ்சியத் தொட்டேண்ணே" என்றார். "சில்லுன்னுதான் இருந்துச்சு. கெட்டியாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ள ஆள் இல்ல."

ஆட்கள் வந்திருக்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்று அவரே போனை வைத்துவிட்டார். கேம்ப் வாசலில் ஷிப்ட் பஸ் வந்து நின்றுவிட்டது. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் அன்று நடுவில், இரண்டு ஆட்களுக்கு இடையில், அவர்கள் உடம்புச் சூடு தோளில் படும்படி உட்கார்ந்துகொண்டேன்.