நெத்திலி தோண்டும் குழி

எதிர்மனையில் நேற்றுக் காலை இன்னொரு லோடு எம்-சாண்ட் வந்து இறங்கியது. தூசி பறக்காமலிருக்க வேலையாள் அதன்மேல் தண்ணீர் அடித்தார். ஈரமான கல்தூளின் வாசனை மாடிவரை வந்தது. அந்த வாசனை எனக்கு முன்பே நெத்திலிக்கு எட்டிவிட்டது. நான் செருப்பைத் தேடுவதற்குள் அவள் படியிறங்கி, குவியலின் மேலேறி, முன்னங்கால்களால் தோண்டித் தெருவெங்கும் வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

நெத்திலி என் நாய். அம்பத்தூர் ஒரகடத்தில் மீன் கடை வைத்திருக்கும் குமார் அண்ணாவின் குட்டியானை சரக்கு வண்டிக்கடியில் பிறந்தவள். உள்ளங்கையில் அடங்கிய காலத்தில் அவர் வைத்த பெயர். இப்போது வஞ்சிரம் என்று மாற்றினாலும் பொருந்தாது, அவ்வளவு பெரிய உடம்பு. தெருமுனையில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாராவது ஒருவர் பாத்திரத்தோடு வெளியே வந்து கிலோ என்ன விலை என்று கேட்பார். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது இல்லை.

எதிர்மனையும், நான் வாடகைக்கிருக்கும் மாடியும் ஒரே ஆளுடையவை. மகனுக்காக அங்கே வீடு கட்டுகிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அம்பத்தூரில் நாயோடு வந்த தனிப் பெண்ணுக்கு வீடு கொடுத்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் போன மாதமே என்னை நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். "பாதி லோடு சாக்கடைல கீதும்மா. இன்னொரு தபா தோண்டுச்சுன்னா நாய எங்கனா வுட்டுடு. முடியாதுன்னா நீ வேற ஊடு பாத்துக்க."

தகடு வளைக்கும் அச்சுகளை வடிவமைப்பது என் வேலை. தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகம். கோளாறு வந்தால் சாத்தியமான காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். நெத்திலிக்கும் அப்படியே செய்தேன். பசியா, வெக்கையா, பூச்சியா, சும்மா திமிரா? எல்லாவற்றையும் அடித்த பிறகு ஒன்றுதான் மிஞ்சியது: நண்டு. மணல் எங்கே இருந்தாலும் அதற்குள் நண்டு இருக்கும் என்று அவள் நம்புகிறாள். ஏன் நம்புகிறாள் என்பதைச் சொல்ல, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதுக்குப் போக வேண்டும்.

ஆறு நாளும் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும். ஞாயிறானால் கடலோரம் நடக்க வேண்டும், பறவை பார்க்க வேண்டும், கூட நாய் வர வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. அம்பத்தூரிலிருந்து கடலுக்கு நாயோடு போவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பேருந்தில் கண்டக்டர் நாயைப் பார்க்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து விசிலடிப்பார். மின்சார ரயிலில் ஏற்றினால் பெட்டியே எழுந்து நின்று நியாயம் கேட்கும். கார் புக் செய்தால் அருகில் வரை வந்து, நெத்திலியைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிடும். நெத்திலி ஒவ்வொரு காருக்கும் வாலாட்டுவாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைசியில் குமார் அண்ணாதான் வழி. ஞாயிறு விடிவதற்கு முன் காலி வண்டியோடு பழவேற்காட்டுப் பக்கம் மீன் எடுக்கப் போவார். முன்சீட்டில் நாங்கள் இருவரும் ஒண்டிக்கொள்வோம். செங்குன்றம் தாண்டினால் குளிர் காற்று. பொன்னேரி தாண்டினால் வயல் வாசனை. இரண்டையும் ஐஸ் பெட்டியின் பழைய மீன் வாசனை அமுக்கிவிடும். திங்கட்கிழமை அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி கொஞ்சம் தள்ளியே இருக்கும்.

அந்தக் கரையை எப்படிச் சொல்வது? குப்பத்தைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு. தோப்பு முடியும் இடத்தில் அடப்பங்கொடி ஊதாப் பூக்களோடு படர்ந்திருக்கும். ராவணன் மீசைப் புல் காலைக் குத்தும். பிறகு அகலமான மணல். அலை பின்வாங்கும்போது உப்புக்கொத்திப் பறவைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். அலை திரும்பினால் பயந்து ஓடிவரும். மேலே ஆலாக்கள் பறக்கும். வலை உதறும் இடத்தில் ஒரு செம்பருந்து எப்போதும் வட்டமடிக்கும். வடக்கே நடந்துகொண்டே இருந்தால் முகத்துவாரம் வரும், குளிர்காலத்தில் அங்கே பூநாரைகளைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று குப்பத்தில் சொன்னார்கள். என் திட்டம் அதுதான். குமார் அண்ணா மீன் ஏற்றி முடிப்பதற்குள் முகத்துவாரம் போய்த் திரும்புவது.

ஒரு தடவைகூடப் போய்ச் சேர்ந்ததில்லை.

முதல் நாளே நெத்திலி நேராகக் கடலுக்குப் போய்க் குடித்தாள். அம்பத்தூர் ஏரிக்கரையில் வளர்ந்த நாய்க்கு, பெரிதாகத் தண்ணீர் இருந்தால் அது குடிக்கத்தான். குடித்து, கக்கி, என்னைக் குற்றம்சாட்டுவதுபோல் பார்த்தாள். அடுத்த வாரமும் குடித்தாள். நான் தண்ணீர் கேன் சுமக்கத் தொடங்கினேன். அதன் பிறகு நண்டுகளைக் கண்டுபிடித்தாள். மணல் நிறத்தில், கண்களைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறையும் சின்ன நண்டுகள். நெத்திலி தலையும் தோளும் உள்ளே போகும்வரை தோண்டுவாள். நான் கயிற்றை இழுப்பேன், கெஞ்சுவேன், பிஸ்கட் காட்டுவேன். வெயில் ஏறும். தூரத்தில் குமார் அண்ணாவின் ஹாரன் கேட்கும். ஐஸ் உருகுகிறது என்று அர்த்தம்.

ஒருநாள் பொறுமையிழந்து அவரே தேடி வந்தார். இடுப்பில் கைவைத்துக் குழியை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, உன் நாய் போர் போட்டுகினு கீதா? தண்ணி வந்தா சொல்லு, மோட்டார் எறக்கிடலாம்."

அப்போது அந்த நண்டு இரண்டடி தள்ளி இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்து, நெத்திலியின் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கவனிக்கவே இல்லை. குமார் அண்ணா சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வானம் தெளிவாக இருந்தது. வடக்கே வெகுதூரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் அது பறவையாகியிருக்கும்.

அவள்மேல் முழுதாகக் கோபப்படவும் முடியாது. சிறுவயதில் நானும் தோண்டியவள்தான். எங்கள் தெருவில் எந்த வீடு கட்டினாலும் ஆற்றுமணல் வந்து கொட்டும். பள்ளி விட்டதும் பையைப் போட்டுவிட்டு அதில் கிளிஞ்சல் தேடுவோம். நகக்கண் அளவில் வெள்ளைச் சங்குகள் கிடைக்கும். மேஸ்திரி விரட்டுவார், மறுநாளும் போவோம்.

பிறகு மீன் ஏற்றிய வண்டி ஒன்று குமார் அண்ணாவின் கடை வாசலுக்கே வர ஆரம்பித்தது. அவர் பழவேற்காடு போவதை நிறுத்தினார். எங்கள் ஞாயிறுகளும் நின்றன. நெத்திலி எதிர்மனையில் தோண்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு நாளாவது கரையில் ஆசை தீரத் தோண்டினால் இங்கே விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டு, போன ஞாயிறு அவரை வாடகைக்குக் கூப்பிட்டேன். அவர் தயங்கினார். அங்கே இப்போது ஒன்றுமில்லை என்றார். நாய்க்கு மணல் இருந்தால் போதும் என்றேன்.

சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் வண்டி நின்றது. மரங்கள் இல்லை. கொடி இல்லை. சாலையை ஒட்டி ஆளுயரப் பாறைகளைக் கொட்டியிருந்தார்கள். பாறையில் அலை மோதி முகத்தில் தெறித்தது.

"பீச் எங்கண்ணா?"

"இதாம்மா. மிச்சத்த கடல் எடுத்துகினு பூட்ச்சு. அதான் கல்லு போட்டு வெச்சிகிறாங்க."

நெத்திலி பாறைமேல் ஏறினாள். இடுக்குகளில் மூக்கை விட்டு முகர்ந்தாள். ஒரு பாறையை முன்னங்காலால் இரண்டு தடவை கீறினாள், நகம் சறுக்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, யாரும் சொல்லாமலே என் காலோரம் நடந்தாள்.

அன்றுதான் பாறைகளை ஒட்டிய சாலையிலேயே நடந்து முகத்துவாரம் போனேன். வழியில் நெத்திலியை நிறுத்த எதுவுமில்லை. கயிறு ஒரு தடவைகூட இறுகவில்லை. பூநாரைகளும் இருந்தன. ஒற்றைக் காலில், தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு, எண்ண முடியாத அளவுக்கு. எத்தனை வருட ஆசை. நான் எரிச்சலோடு நின்றேன். நெத்திலி பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்; அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பும் வழியில் குமார் அண்ணா ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

ஆகவே, நேற்று அவள் அந்தக் குவியலில் ஏறியபோது என் கணக்கு பொய்த்தது தெரிந்தது. வீட்டுக்காரர் கையில் காபி டம்ளரோடு வெளியே வந்து பார்த்தார். கத்தவில்லை.

"அப்டி இன்னாத்த தேடுது அது?"

"நண்டு அங்கிள்."

அவர் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது மண்ணே இல்லம்மா. மலைய ஒடச்ச தூளு. இதுல ஏது நண்டு?" ஒரு வாய் காபி குடித்தார். "மாசக் கடைசில காலி பண்ணிடு. நாயி இல்லாம இருக்கறதுன்னா இரு."

சரி என்று தலையாட்டினேன். எதற்குச் சரி என்று அவருக்கும் தெரியும். வெள்ளானூர்ப் பக்கம் வீடு பார்க்கச் சொல்லித் தரகரிடம் பேசியாயிற்று. அங்கேயும் தெருவுக்குத் தெரு இதே கல்தூள்தான் என்கிறார்.

அவர் உள்ளே போன பிறகு நெத்திலிக்குக் கயிறு மாட்டி, குவியலோரம் குந்தி ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பழக்கம். சாம்பல் நிறம், கூரான முனைகள், உள்ளங்கை அரித்தது. ஒரு கிளிஞ்சல்கூட இல்லை. நெத்திலி தலையை வெளியே எடுத்துத் தும்மினாள். மூக்கு முழுக்கச் சாம்பல். மறுபடி உள்ளே போனாள். கயிறு என் கையில்தான் இருந்தது. இழுக்கவில்லை.