எதில் வாங்கினாலும் ஒன்றுதான் என்றேன்

ஒரகடத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துத் தரும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதே சரி. லைனில் உட்கார இடம் கிடையாது. கம்பெனி கொடுக்கும் சேஃப்டி ஷூவின் அடிப்பாகம் பலகை மாதிரி இருக்கும். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது குதிகால் தீயாய் எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பான்ஜ் ஷீட்டைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, மேலே பருத்தித் துணி வைத்துத் தைத்து ஷூவுக்குள் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்றவள் தனக்கும் ஒரு ஜோடி கேட்டாள். பிறகு அவள் அறையில் இருந்தவர்கள் கேட்டார்கள். மெத்தை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். "அக்கா, எனக்கு ஒரு ஜோடி மெத்தை."

பக்கத்தில் நின்ற அந்தப் பெண் ராமநாதபுரத்துக்காரி. நான் சங்கரன்கோவில் பக்கம். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே ஹாஸ்டல், ஒரே அறை. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை உண்டாகி வேலையை விட்டபோது கேன்டீனில் கேக் வெட்ட ஏற்பாடு செய்தவள் அவள்தான். "அக்கா இனிமே முதலாளி, பாத்துக்கிட்டே இருங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள். நானும் சிரித்தபடி நின்றேன். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

என் கணவர் வல்லம் வடகால்காரர். காண்ட்ராக்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு போர்ஷனை வாடகைக்குப் பிடித்தோம். குழந்தை தூங்கும் நேரத்தில் மெத்தை தைத்து, வாரம் ஒருமுறை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோவேன். ஜோடி நூற்று இருபது ரூபாய். பெரிய வியாபாரம் இல்லை. ஆனால் என் கையில் காசு இருந்தது.

ஒரு ஆன்லைன் ஷாப்பிங் ஆப் வழியாக வீட்டிலிருந்தே இந்தியா முழுக்க விற்கலாம் என்று ஒரு வீடியோ பார்த்தது அப்போதுதான். லைனில் நிற்கிறவர்கள் ஒரகடத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? புனேயில் இருப்பார்கள், டெல்லிப் பக்கம் இருப்பார்கள். எல்லோருக்கும் குதிகால் எரியும் என்று தோன்றியது. வெளிமாநிலத்துக்கு விற்க ஜிஎஸ்டி எண் வேண்டும் என்றார்கள். அதற்கு வீட்டு ஓனரின் கையெழுத்து வேண்டும். ஓனர் இந்த ஊர்க்காரர், நிலம் விற்ற பணத்தில் நான்கு போர்ஷன் கட்டி விட்டிருக்கிறார். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நீ பாட்டுக்கு நம்பர் வாங்கிக்கினு போயிடுவ. நாளைக்கு டாக்ஸ்காரன் என் வூட்டுக் கதவத் தட்டுவானா, இல்லியா?"

"தட்ட மாட்டாங்க அய்யா. நான் தைக்கிற இடம் இதுன்னு காட்டத்தான்."

"மிஷினு ஒண்ணு கீது. அதுக்குப் போய் கம்பெனின்னு பேரா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். எண் வந்ததும் அதை எழுதிய சின்னப் போர்டு ஒன்றை வாசலில் மாட்ட வேண்டும் என்றார்கள். மாட்டி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். ராமநாதபுரத்துக்காரி அதை லைன் குரூப்பில் போட்டாள். சூப்பர்வைசர்கூட வாழ்த்து அனுப்பினார்.

முதல் மாதம் ஆர்டர் நிறைய வந்தது. நானும் ராப்பகலாய்த் தைத்தேன். ஆனால் வங்கிக்கு வந்த சொற்பப் பணத்தைப் பார்த்தபோது வேறு யாருடைய பணமோ மாறி வந்துவிட்டது போலிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் எனக்குக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்காரரிடம் போனைக் காட்டினேன். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர்.

"மேடம், வித்த விலையில மொதல்ல கமிஷன் போகும். அப்புறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபிக்சட் ஃபீஸ். பணம் வசூல் பண்ணித் தர்றதுக்கு ஒண்ணு. அப்புறம் ஷிப்பிங். உங்க பொருள் மலிவா இருக்கறதால ஷிப்பிங்தான் முழுங்குது. இதெல்லாம் சேத்து வர்ற ஃபீஸ் மேல ஜிஎஸ்டி தனி."

"என் மெத்தைக்கு நான் வரி கட்டுறது போக, அவங்க என்கிட்ட வாங்குற ஃபீஸுக்கும் நான் வரி கட்டணுமா?"

"கட்டணும். ரிட்டர்ன் ஒழுங்கா போட்டா அதக் கழிச்சுக்கலாம். அதுபோக அவங்க கொஞ்சம் புடிச்சு உங்க பேர்ல கவர்மெண்ட்ல கட்டியிருப்பாங்க. அதுவும் உங்க காசுதான், வரும்."

"எப்ப வரும்?"

"ரிட்டர்ன் போடப் போட வரும்."

ரிட்டர்ன் போடுவதற்கு மாதாமாதம் அவருக்குக் கொடுக்க வேண்டியது இருந்தது. பொருளைத் திருப்பி அனுப்பினால் போகும் கூலியும் வரும் கூலியும் என் தலையில். விலையை ஏற்றினால் யாரும் வாங்கவில்லை. தேடுகிறவர்களுக்கு என் மெத்தை எத்தனையோ பக்கம் தள்ளிக் கீழே போய்விடும். இறக்கினால் ஆர்டர் வரும், கைக்காசு போகும். இன்னும் கொஞ்சம் ஆர்டர் கூடினால் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இதை என் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஹாஸ்டலுக்குப் போனால், "எப்படிக்கா போகுது?" என்று கேட்பார்கள். "போடு போடுன்னு போகுதுட்டி" என்பேன். வாசலில் போர்டு மாட்டி, அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, நட்டம் என்று எப்படிச் சொல்வது? அது மட்டுமில்லை. ஆன்லைனில் போனதை எங்காவது ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஹாஸ்டலில் ஜோடியை நூற்று ஐம்பதாக்கினேன். "ஸ்பான்ஜ் விலை ஏறிடுச்சு" என்றேன். ஸ்பான்ஜ் விலை ஏறவில்லை. எல்லோரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

பண்டிகைத் தள்ளுபடி சமயத்தில் கலந்துகொள்கிறீர்களா என்று கேட்டு ஒரு பொத்தான் வந்தது. கலந்துகொள்ளாவிட்டால் என் பொருள் யார் கண்ணிலும் படாது. அழுத்தினேன். ஆன்லைனில் விலை நூற்று இருபத்தொன்பதுக்கு இறங்கியது.

அந்த வாரம் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனபோது ராமநாதபுரத்துக்காரி கட்டிலில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இது ஒங்க மெத்தைதானே? நூத்தி இருபத்தொம்பது போட்டிருக்கு?"

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பையிலிருந்து எடுத்து வைத்த ஜோடிகளின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றேன். அவர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கேட்டதோ இது:

"நாங்க இதுல வாங்குனா ஒங்களுக்கு நல்லதாக்கா? ஸ்டாரு எல்லாம் குடுக்கலாமாமே? எங்க சித்தி மக சொன்னா, ஸ்டாரு கூடக்கூட வியாபாரம் கூடும்னு."

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. எனக்கு உதவ ஒரு வழி கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. அப்போது உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. ஆன்லைனில் நீங்கள் வாங்கினால் எனக்கு நட்டம். அந்த நட்டத்தைத்தான் உங்கள் தலையில் கட்டினேன்.

"ஏட்டி, எதுல வாங்குனாலும் ஒண்ணுதான்" என்றேன்.

மறுநாள் காலை போனைத் திறந்தால் வரிசையாக ஆர்டர். எல்லாம் ஒரே பின்கோடு. ஒரே ஹாஸ்டல், மாடி மட்டும் வேறு வேறு. அவள் தன் மாடியோடு நிற்காமல் மற்ற மாடிகளுக்கும் சொல்லியிருந்தாள். சிலர் இரண்டு ஜோடி. தெரிந்த பெயர்கள். ஒருத்தி அம்மை போட்டுக் கிடந்தபோது நான் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். ஒருத்தி என் குழந்தைக்கு முதல் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தவள்.

ரத்து செய்தால் அதற்கும் அபராதம் பிடிப்பார்கள். செராக்ஸ் கடையில் லேபிள் பிரிண்ட் எடுத்து வந்து, ஒவ்வொரு பெயராகக் கவரில் ஒட்டினேன். நடந்துபோனால் கால்மணி நேரத்தில் கொடுத்துவிடக்கூடிய பொருள். அதை வண்டிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய், எங்கோ ஒரு கிடங்கில் இறக்கி, மறுபடி ஏற்றி, இரண்டு நாள் கழித்து என் வீட்டு வழியாகவே ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்துக்கெல்லாம் கூலி என்னுடையது.

வேலையிலிருந்து வந்த என் கணவர் கவர்க் குவியலையும் என்னையும் பார்த்தார்.

"ஏன் மூஞ்சி இப்டி கீது? ஆர்டர்தான் வந்துகிதே?"

சொன்னேன். அவர் ஒரு கவரை எடுத்து முகவரியைப் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இப்பவே போயி சொல்லிடு. அவங்கள்லாம் உன் ஆளுங்கதானே? உன்னிய கொன்னா போட்றப் போறாங்க?"

"அதனாலதான் சொல்ல முடியல" என்றேன்.

பொருள் போய்ச் சேர்ந்ததும் நட்சத்திரங்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் ஐந்து. ராமநாதபுரத்துக்காரி தமிழிலேயே நீளமாக எழுதியிருந்தாள். இதைத் தைக்கிற அக்கா எங்களோடு லைனில் நின்றவர், எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும், நம்பி வாங்குங்கள் என்று. நான் அதை ஒருமுறைதான் படித்தேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்க நேர்ந்தால் விரலால் வேகமாக மேலே தள்ளிவிடுவேன்.

இரண்டு பேர் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் நேரில் வாங்கியிருந்தால் வாசலில் நின்றபடியே கத்தரியால் ஓரம் வெட்டிக் கொடுத்திருப்பேன். அவர்களுக்குப் பொத்தானை அழுத்துவது சுலபமாக இருந்தது. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கலாம். அந்த இரண்டு ஜோடியும் திரும்பி வந்த அன்று நான் போய்ச் சொல்ல முடிவு செய்தேன். தைரியம் வந்ததால் இல்லை. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் மறுபடி வாங்கப் போவதாக குரூப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஸ்பான்ஜ் வாங்கப் பணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். துணி துவைத்துவிட்டு எல்லோரும் அறையில் இருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது. ஃபீஸ், ஷிப்பிங், வரி என்று முன்னும் பின்னுமாக உளறினேன். ராமநாதபுரத்துக்காரிதான் நிறுத்தினாள்.

"இருங்கக்கா. அப்ப நாங்க வாங்க வாங்க ஒங்களுக்கு நட்டமா?"

"ஆமா."

"நான் அன்னைக்கே கேட்டேன்ல? இதே எடத்துல ஒக்காந்து கேட்டேன்ல?"

"கேட்ட."

"நூத்தம்பது ஆக்குனீகளே, அது ஸ்பான்ஜுக்கா, இந்த நட்டத்துக்கா?"

அதை அவள் கண்டுபிடிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. லைனில் ஒரு ஒயர் மாறினால் தூரத்திலிருந்தே சொல்கிறவள் அவள் என்பதை மறந்திருந்தேன். "இதுக்குத்தான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.

ஜன்னலோரம் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, புதிதாக வேலைக்கு வந்தவள், "அப்ப டெல்லிக்காரன் காலுக்கு நாமதான் மெத்தை போட்டிருக்கோமாக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கொலுசு வாங்கி வந்தவள் எழுந்து வந்து என் தோளில் கை போட்டு, "இதுக்கா அக்கா இப்படி வேர்த்து நிக்கிறீங்க?" என்றாள். நானும் சிரித்தேன். ராமநாதபுரத்துக்காரி சிரிக்கவில்லை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சுடிதாரை விரித்து விரித்து மடித்தாள்.

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "பணத்துக்காக இல்லக்கா" என்றாள். "எங்க அம்மாகிட்டகூட சொல்லிருந்தேன், அக்கா பெரிய ஆளாயிட்டாகன்னு." செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்த நான், நிமிர்வதற்கு நேரம் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆன்லைனில் விற்பதை நிறுத்தினேன். பொருளை எடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. ஜிஎஸ்டி எண்ணைத் திருப்பிக் கொடுப்பதுதான் லேசில் ஆகவில்லை. விண்ணப்பம் போட்டு, அது முடிகிறவரை, ஒன்றுமே விற்கவில்லை என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் தாமதக் கட்டணம். ஒன்றும் விற்கவில்லை என்று சொல்லவும் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தேன். அந்தக் கண்ணாடிக்காரர் என்னிடம் அந்த மாதங்களுக்குப் பணம் வாங்கவில்லை. அதுவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

ஹாஸ்டலில் ஜோடி மறுபடி நூற்று இருபது. கூடுதலாக வாங்கியதை ஒவ்வொருத்திக்கும் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாதிப் பேர் வாங்கவில்லை. அவர்களுக்கு ஒரு ஜோடி சும்மா தைத்துக் கொடுத்தேன். ராமநாதபுரத்துக்காரி பணத்தை வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்க்காமல் பர்ஸில் வைத்தாள்.

போன மாதம் அவளை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மறைமலை நகரில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாளாம். அங்கே பாதி நேரம் உட்கார்ந்து செய்கிற வேலையாம். என் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினாள். தங்கைக்கு வரன் பார்ப்பது, ஊரில் தண்ணீர் வராதது என்று நிறையப் பேசினாள். வியாபாரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்ல நான் தயாராக இருந்தேன். அவளுடைய பஸ் வந்தது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறிப்போனாள்.